காரில் சார்ஜ் ஏறவில்லையா? வீட்டிலும் வெளியிலும் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

மின்சாரக் காரைச் செருகியும் சார்ஜ் ஏறவில்லை என்றால், சர்வீஸ் சென்டரை அழைக்கும் முன் ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். அதே காரை, அதே கையடக்க சார்ஜருடன், சரியாக வயரிங் செய்யப்பட்ட வேறொரு வீட்டின் 16 ஆம்பியர் பாயிண்டில் செருகிப் பாருங்கள். அங்கே ஏறினால் கோளாறு உங்கள் வீட்டு மின்னமைப்பில் இருக்கிறது. அங்கும் ஏறாமல், பொது இடத்திலுள்ள ஏ.சி. (மாறுமின்) சார்ஜரில் மட்டும் ஏறினால் கையடக்க சார்ஜரைச் சந்தேகிக்கலாம். மூன்று இடத்திலும் ஏறாவிட்டால்தான் காரின் மேல் பழி போட வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது நிலை அரிது. எர்த், சாக்கெட், வயர் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் விடை கிடைக்கிறது.

இதற்கு ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியையும், காருடன் தரப்படும் வயர் பெட்டியையும் நாம் சார்ஜர் என்று அழைத்தாலும், உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே இருப்பது ஒரு காவல் சுவிட்ச் மட்டுமே. அது எர்த் சரியா, காரில் செருகும் கைப்பிடி முனையான கன் முழுவதாக உட்கார்ந்ததா, கார் தயாரா என்று சரிபார்த்த பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும். அந்தச் சமயத்தில் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்ததா, வரவில்லையா என்பதையே முதல் தடயமாகக் கொள்ளலாம்.

செருகியவுடன் சிவப்பு விளக்கு எரிகிறது, ‘டக்’ சத்தம் வரவில்லை

இது பெரும்பாலும் எர்த் பிழை. விளக்கின் நிறமும் சிமிட்டும் எண்ணிக்கையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கையேட்டில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘இதே பாயிண்டில் ஏர்கண்டிஷனர் ஓடுகிறதே, கிரைண்டர் ஓடுகிறதே’ என்று எலக்ட்ரீசியன் வாதிடுவார். அவை எர்த் இல்லாமலும் ஓடும். காருக்கு எர்த் இல்லாமல் சார்ஜ் ஏறாது, ஏறவும் கூடாது.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனை அழைத்து அந்த சாக்கெட்டில் மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். நம் நாட்டு மூன்று துளை சாக்கெட்டை நேருக்கு நேர் பார்க்கும்போது மேலே இருப்பது எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் என்று வந்தால் நல்லது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நூற்றுச் சொச்சம் வந்தாலோ, எண் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கினாலோ, எர்த் வயர் எங்கோ அறுந்து தொங்குகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஐந்து வோல்ட்டைத் தாண்டினால் எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்புகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால்கூடச் சில சார்ஜர்கள் வேலை செய்ய மறுக்கும். அதைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை.

டிஜிட்டல் மீட்டரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அது மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால், அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த்தும் அதில் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். அனுபவமுள்ளவர்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு குண்டு பல்பை எரித்துப் பார்ப்பார்கள். மங்கலாக எரிந்தால் எர்த் பலவீனம். வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் இந்தச் சோதனையில் அது விழும். விழுவது எர்த் வழி இருப்பதற்கான அடையாளமே. வீட்டுக்காரர் இதைத் தாமே செய்து பார்க்க வேண்டாம்.

எர்த் எங்கே கெடுகிறது என்றால், வழக்கமாக மூன்று இடங்களில். பழைய வீடுகளில் கார் நிறுத்துமிடத்துப் பாயிண்டுக்கு எர்த் வயரே இழுத்திருக்க மாட்டார்கள். இழுத்திருந்தாலும், எர்த் குழாயில் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருப்பிடித்து நழுவியிருக்கும். இரண்டும் சரியென்றால் குழியே காய்ந்திருக்கும். கரியும் உப்பும் போட்டு இரும்புக் குழாய் இறக்கிய குழி சித்திரை, வைகாசியில் ஈரம் இழந்து தடை கூடிவிடும். குழாயில் சில குடம் தண்ணீர் ஊற்றியவுடன் சார்ஜர் வேலை செய்யத் தொடங்கினால் காரணம் உறுதி. ஆனால் அது தற்காலிகத் தீர்வுதான். எர்த் டெஸ்டரில் அளந்து ஐந்து ஓமுக்குள் வருமாறு குழியைப் புதுப்பிப்பதோ, காருக்கென்று தனிக் குழி போடுவதோ நிலையான தீர்வு.

இங்கே ஒரு குறுக்கு வழியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாக்கெட்டின் பின்பக்கம் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரைப் போட்டால் சிவப்பு விளக்கு அணைந்து கார் சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். பல எலக்ட்ரீசியன்கள் இதை ஒரு கைத்திறமையாகவே செய்கிறார்கள். என்றாவது ஒரு நாள் வீட்டுக்கு வரும் நியூட்ரல் வயர் கம்பத்திலோ மெயின் பெட்டியிலோ அறுந்தால், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள் வழியாக வரும் 230 வோல்ட்டும் அந்தத் துண்டு வயரின் வழியே காரின் உடலுக்கு வந்துவிடும். டயர்கள் ரப்பர் என்பதால் கார் அமைதியாக நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுபவர்தான் மின்சாரம் தரைக்கு இறங்கும் வழியாவார். அந்தத் துண்டு வயர் உங்கள் சாக்கெட்டில் இருக்கிறதா என்பதை, சார்ஜ் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தாலும், ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரில் மட்டும் இதே பிழை வந்தால், அந்த ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் ஜெனரேட்டர், சாக்கெட் அல்ல. வீட்டு இன்வெர்ட்டரின் லைனில் காரைச் செருகும் எண்ணத்தையே விட்டுவிடலாம்; 3 கிலோவாட் சுமையை அது தாங்காது.

சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது, கார் மட்டும் அசையவில்லை

முதலில் காரின் திரையிலும் செயலியிலும் நேரம் குறித்து சார்ஜ் ஏற்றும் வசதி இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரவு 11 மணிக்குத் தொடங்கும்படி யாரோ அமைத்திருப்பார்கள்; கார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்கும். எத்தனை சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்ற வரம்பு 80 என்று இருந்து, பேட்டரி ஏற்கெனவே 82-இல் இருந்தாலும் இதே காட்சிதான்.

இவை இரண்டும் இல்லையென்றால் கன் முழுவதாக உட்காரவில்லை. ஏ.சி. சார்ஜர்களில் வரும் டைப் 2 கன்னில் மின்சாரம் கடத்தும் பின்களைத் தவிர, காரும் சார்ஜரும் பேசிக்கொள்வதற்கென்று இரண்டு சிறிய பின்கள் உள்ளன. அவற்றில் ஒன்றில் 12 வோல்ட் அளவுள்ள சமிக்ஞை ஓடும். கார் இணைந்ததும் அது 9 ஆகவும், ‘நான் தயார்’ என்று கார் சொன்னதும் 6 ஆகவும் இறங்கும். அந்தப் பின்னில் தூசியோ குளவிக்கூடோ இருந்தால் இறக்கம் நடக்காது. சார்ஜரை அணைத்துவிட்டு, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் காரின் துளையையும் கன்னையும் சுத்தம் செய்து, மறுபடி செருகுங்கள். குண்டூசி, ஸ்க்ரூடிரைவர், எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

அடுத்ததாகச் சந்தேகிக்க வேண்டியது, பலர் நினைத்தே பார்க்காத 12 வோல்ட் சின்ன பேட்டரி. பெரிய பேட்டரியை இணைத்துவிடும் சுவிட்சுகளை இயக்குவது அதுதான். அது செத்திருந்தால் பெரிய பேட்டரியில் பாதி சார்ஜ் இருந்தும் கார் விழிக்காது, செருகினாலும் ஏற்றாது. கதவு ரிமோட் மந்தமாக இருப்பது, திரையில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வருவது ஆகியவை அதன் முன்னறிகுறிகள்.

சுவிட்ச் ட்ரிப் ஆகிறது

எது ட்ரிப் ஆகிறது, எப்போது ஆகிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளாமல் எலக்ட்ரீசியனை அழைத்துப் பயனில்லை. ‘டி’ என்று எழுதிய சோதனைப் பொத்தான் உள்ளது ஆர்.சி.சி.பி.; அது மின்கசிவுக்கு விழும். பொத்தான் இல்லாதது எம்.சி.பி.; அது அதிகச் சுமைக்கும் ஷார்ட்டுக்கும் விழும்.

செருகிய சில நொடிகளில் ஆர்.சி.சி.பி. விழுந்தால், அந்தப் பாயிண்டின் நியூட்ரல் வேறொரு லைனின் நியூட்ரலோடு கலந்திருக்கலாம், அல்லது உண்மையிலேயே கசிவு இருக்கலாம். எப்போதாவது ஒருமுறை விழுந்தால் காரணம் கூட்டுக் கசிவு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கணினி ஒவ்வொன்றும் இயல்பாகவே சிறிது கசியவிடும். கார் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். எல்லாம் சேர்ந்து வீட்டுக்கே ஒன்றாக உள்ள 30 மில்லி ஆம்பியர் சுவிட்சை எட்டிவிடும். காருக்கு மெயின் பெட்டியிலிருந்தே தனி லைனும் தனி ஆர்.சி.சி.பி.யும் போடுவதே தீர்வு. போடும்போது டைப் ஏ என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டைப் ஏ.சி. சுவிட்சை, காரிலிருந்து வரக்கூடிய நேர்மின் (டி.சி.) கசிவு குருடாக்கிவிடும். அதன் பிறகு ஆபத்தான கசிவு வந்தாலும் அது விழாது. டைப் ஏ போதுமானதாக இருக்க, உங்கள் சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் விலை கூடிய டைப் பி தேவைப்படும்.

முக்கால் மணி நேரம் கழித்து எம்.சி.பி. விழுந்தால் அது சூட்டினால் விழுகிறது. கார் 15 ஆம்பியரை எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். வீட்டில் வேறெந்தக் கருவியும் அப்படி இழுப்பதில்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. வெயில்படும் இரும்புப் பெட்டிக்குள் இருந்தால் தாங்காது. வயர் 4 சதுர மில்லிமீட்டர் தாமிரமாக இருந்தால் 20 ஆம்பியர் எம்.சி.பி. போடலாம், வயரைப் பார்க்காமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்குவது தீயை அழைக்கும் வேலை. மெயின் சுவிட்சே விழுந்தால் கூட்டிப் பாருங்கள்: கார் 15, வாட்டர் ஹீட்டர் 9, ஒன்றரை டன் ஏர்கண்டிஷனர் 7 என்று 31 ஆம்பியர் வந்துவிட்டது. ஒருமுனை இணைப்புள்ள வீட்டில் 7.2 கிலோவாட் பெட்டி மாட்ட நினைப்பவர்கள் முதலில் மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்தவோ, மும்முனைக்கு மாறவோ விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பெட்டி மட்டுமே 32 ஆம்பியர் இழுக்கும்.

பிளக் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது

உடனே மெயினை அணைத்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்குவது அதற்குப் பிறகு. சாக்கெட்டின் துளையோரம் பழுப்பு நிறமோ, பிளக்கின் ஒரு பின் மட்டும் கறுத்தோ இருந்தால் அந்த முனையில் திருகு தளர்ந்திருக்கிறது. பத்தில் ஒரு பங்கு ஓம் தடை என்பது மீட்டரில்கூடச் சரியாகத் தெரியாத அளவு. ஆனால் 15 ஆம்பியர் ஓடும்போது அதில் 22 வாட் வெப்பம் பிறக்கிறது. பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்னை இரவு முழுவதும் எரியவிட்டதற்குச் சமம் அது.

திருகை முடுக்கி அதே சாக்கெட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம். சூடான பித்தளை தன் இறுக்கத்தை இழந்துவிடும், மறுபடியும் சுடும். தொழிற்சாலைகளில் பார்க்கும் நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் அதற்கேற்ற பிளக்கும் போடுவது என் பரிந்துரை. ஆனால் சார்ஜரின் பிளக்கை வெட்டி மாற்றினால் உத்தரவாதம் போகுமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி, இரண்டு பின் மாற்றி, மல்டி பிளக் எதுவும் இடையில் வரக் கூடாது. புதிய சாக்கெட்டிலும் முதல் நாள் அரை மணி நேரம் ஏற்றிவிட்டு பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு இயல்பு அல்ல.

வீட்டில் ஏறுகிறது, ஆனால் மிக மெதுவாக

30 கிலோவாட் மணி பேட்டரியை 3.3 கிலோவாட்டில் நிரப்பப் பத்து மணி நேரம் ஆகும்; இதைக் கோளாறு என்று எண்ணுபவர்கள் உண்டு. மாலையில் மட்டும் மெதுவாக ஏறினால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 180 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே 15 ஆம்பியரில் 2.7 கிலோவாட்தான் கிடைக்கும். இன்னும் இறங்கினால் சார்ஜரே நிறுத்திக்கொள்ளும். காருக்குச் சார்ஜ் ஏறும்போதும் ஏறாதபோதும் சாக்கெட்டில் வோல்ட்டை அளந்து, வித்தியாசம் பத்து வோல்ட்டுக்கு மேல் போனால் மெயின் பெட்டியிலும் அப்படியே அளக்க வேண்டும். அங்கே விழவில்லையென்றால் உங்கள் வயர் மெலிது, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. அங்கேயும் விழுந்தால் கம்பத்திலிருந்து வரும் லைனைப் பற்றி மின்வாரியத்திடம் புகார் கொடுங்கள்.

மீட்டர் காட்டும் யூனிட் கார் காட்டுவதைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாக இருப்பது கோளாறல்ல. மாற்றத்தில் ஏற்படும் இழப்பு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 300 யூனிட் கூடும். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் குறையும் என்பதால், பில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தெரியும்.

பொது சார்ஜர் தொடங்கவே மறுக்கிறது

சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலை போன்ற தடங்களில் இப்போது பேட்டரிக்கு நேரடியாக நேர்மின்சாரம் கொடுக்கும் டி.சி. சார்ஜர்களுக்குப் பஞ்சமில்லை, தொடங்குவதில்தான் தகராறு. முதலில் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தானைப் பாருங்கள். யாரோ அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள்; அம்புக்குறித் திசையில் திருகினால் அது வெளியே வரும். கருகல், புகை, தண்ணீர் தேங்கல் போன்ற காரணத்துக்காக அமுக்கப்பட்டிருந்தால் அதைத் தொடாமல் வேறிடம் போவது நல்லது.

அடுத்து, செயலியில் தேர்ந்தெடுத்த கன்னும் கையிலுள்ள கன்னும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரட்டைக் கன் சார்ஜரில் இந்தக் குழப்பம் மிகச் சாதாரணம். பழைய அரசு வளாகங்களில் உள்ள 15 கிலோவாட் சார்ஜர்களின் ஜி.பி./டி. கன் இன்றைய கார்களின் சி.சி.எஸ்.2 துளைக்குப் பொருந்தாது, வரைபடத்தில் சி.சி.எஸ்.2 என்று வடிகட்டித் தேடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ‘இணைப்பு தோல்வி’ என்று வந்தால், கியரை பி-யில் வைத்து, காரை அணைத்து, கன்னை மறுபடி செருகி, அதன் பின்பகுதியைக் கையால் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டே செயலியில் தொடங்குங்கள். டி.சி. கேபிள் கனமானது, அதன் எடை கன்னைக் கீழே இழுத்து மேலிருக்கும் பேசும் பின்களை விலக்கிவிடும். பூட்டு விழும் சத்தம் கேட்டதும் கையை எடுக்கலாம். செருகுவதற்கும் தொடங்குவதற்கும் இடையே அதிக நேரம் விட்டாலும் சில சார்ஜர்கள் காத்திராமல் பிழை காட்டும். இரண்டாவது முறையும் தோற்றால், சார்ஜரில் ஒட்டியிருக்கும் எண்ணை அழைத்து ரீசெட் செய்யச் சொல்லுங்கள். தொலைவிலிருந்தே சில நிமிடங்களில் செய்துவிடுவார்கள். பணம் கழிந்து சார்ஜ் ஏறாமல் போனால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளாமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

மழை நாளில் ‘ஐசொலேஷன்’ (மின்காப்பு) பிழை வந்தால் கன்னிலோ துளையிலோ ஈரம் இருக்கிறது. துடைத்து, வேறொரு சார்ஜரில் முயன்று பாருங்கள். இரண்டாவது சார்ஜரிலும் அதே பிழை வந்தால் ஈரம் காருக்குள் இருக்கிறது. அதை ஏற்ற முயலாமல் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். வெள்ளத்தில் நின்ற காருக்கும் இதே விதி, பார்வைக்குக் காய்ந்திருந்தாலும்.

பலகையில் 60 கிலோவாட், திரையில் 28

பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் இருந்தால் 60 என்பது முப்பது முப்பதாகப் பிரியலாம். தனியாக நின்றாலும், வேகத்தை முடிவு செய்வது கார்தான்; 320 வோல்ட் பேட்டரி 100 ஆம்பியர் மட்டுமே கேட்டால் 32 கிலோவாட்டுக்கு மேல் எந்தச் சார்ஜராலும் கொடுக்க முடியாது. மே மாத வெயிலில் வேலூர் தாண்டி விரட்டி வந்து நிறுத்தினால் பேட்டரி சூட்டினால் இன்னும் குறைத்துக் கேட்கும். நிழலில் சிறிது நேரம் நிறுத்திவிட்டுச் செருகினால் பலன் தெரியும். 80 சதவீதத்துக்குப் பிறகு வேகம் சரிவது எல்லாக் கார்களுக்கும் பொது. வரிசையில் ஆள் காத்திருக்கும்போது 97-ஐ நூறாக்க நிற்பவரைப் பார்த்து முணுமுணுக்காதவர் இல்லை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியுள்ள காரில் சதவீதம் திடீரெனக் குதித்தாலோ, 98-இல் நெடுநேரம் நின்றாலோ, கையேடு சொல்லும் இடைவெளியில் வீட்டு ஏ.சி. சார்ஜரில் நூறு வரை ஏற்றுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

கன் வெளியே வரவில்லை

இழுக்காதீர்கள். பூட்டும் முள் உடைந்தால் துளையையே மாற்ற வேண்டிவரலாம். செயலியில் நிறுத்தி, ஆம்பியர் பூஜ்யமாகும் வரை பொறுத்து, ரிமோட்டில் காரைப் பூட்டித் திறந்து, கன்னைச் சற்று உள்நோக்கி அழுத்தியபடி, பொத்தான் இருந்தால் அதை அமுக்கி, இழுங்கள். முள்ளின் மேல் கேபிளின் எடை உட்கார்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம் என்பதால், அந்த உள்நோக்கிய அழுத்தத்திலேயே அது விடுபடும். அப்படியும் வராவிட்டால், பல கார்களில் சார்ஜ் துளைக்கு அருகே, பானெட்டுக்குள்ளோ டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குப் பின்னாலோ, கையால் இழுத்துத் திறக்கும் அவசர வார் ஒன்று இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதை நெடுஞ்சாலையில் இரவு பத்து மணிக்குத் தேடாமல், வீட்டில் பகல் வெளிச்சத்தில் கையேட்டுடன் ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அதை இழுப்பதற்கு முன் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டதா என்பதைத் திரையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.